பல் டாக்டரிடம் போகப் பயமா?

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். உலகத்திலேயே அவ்வளவு ஆழமான சுரங்கங்கள் மிகச் சில. அடியில் பாறையைத் தொட்டால் சுடும். திடீரென்று பாறை வெடிக்கும். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கி வேலை செய்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை கேஜில் ஏறி இறங்கியவர்கள் பலர் இன்றும் லைன் வீடுகளில் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பெரியவரிடம் போய், "தாத்தா, பல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாம், வாங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள். "வேணாம்மா, ரெண்டு கிராம்பு வச்சா சரியாயிடும்" என்பார். இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். கன்னத்தில் கை வைத்தபடியே சொல்லுவார்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. சுரங்கத்தில் ஆபத்து அதிகம்தான். ஆனால் அங்கே அவர் கையில் கருவி இருந்தது. பக்கத்தில் தெரிந்த ஆள் இருந்தார். எப்போது நகர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பல் டாக்டரின் நாற்காலியில் அப்படி இல்லை. மல்லாந்து படுக்க வேண்டும். வாயைத் திறந்து வைக்க வேண்டும். பேச முடியாது. கண்ணுக்கு நேரே விளக்கு. கருவி வேறொருவர் கையில். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது. எவ்வளவு தைரியமான ஆளையும் இது ஆட்டிவிடும். படித்தவர்கள், பணக்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரிடமும் இந்தப் பயம் உண்டு.

ஆனால் பல் விஷயத்தில் பயத்துக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. வலிக்கும் என்று பயந்து நாளைக் கடத்துகிறோம். நாள் கடந்ததால்தான் அதிகமாக வலிக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

பல்லின் மேல் ஓடு மிகவும் கெட்டி. நம் உடம்பில் அதைவிடக் கெட்டியான பொருள் வேறு இல்லை. எலும்புகூட அதற்குப் பிறகுதான். அந்த ஓட்டுக்கு உணர்ச்சி கிடையாது. அதற்கு அடியில் கொஞ்சம் மென்மையான அடுக்கு. இங்கே தொட்டால் கூசும். நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அறையிலிருந்து வேர் வழியாகத் தாடை எலும்பு வரை மெல்லிய குழாய் இறங்குகிறது. தங்கவயல்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். மேலே பாறை, நடுவில் அறை, கீழே இறங்கும் ஷாஃப்ட். அந்த ஷாஃப்டில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன.

சொத்தை மேல் ஓட்டில் இருக்கும்போது வலியே தெரியாது. கறுப்பாக ஒரு புள்ளி மட்டும் தெரியும். அப்போது போனால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைத்துவிடுவார்கள். பல சமயம் ஊசியே தேவைப்படாது. இரண்டாவது அடுக்குக்கு வந்தால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், இனிப்பு பட்டால் சுருக்கென்று குத்தும். அப்போதும் பெரும்பாலும் அடைத்துக் காப்பாற்றலாம். நடு அறைக்கு வந்துவிட்டால் வலி ராத்திரியில் ஆளை எழுப்பும். அப்போது வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும். அதையும் தாண்டினால் வேரின் அடியில் சீழ் பிடிக்கும். கன்னம் வீங்கும்.

நடுவில் ஒரு விஷயம் ஆளை ஏமாற்றும். சில நாள் துடித்த பல் திடீரென்று வலி நின்றுவிடும். "பாத்தியா, தானா போயிடுச்சு" என்று சந்தோஷப்படுவோம். நோய் போகவில்லை. உள்ளே நரம்பு செத்துவிட்டது. அதனால் வலி தெரியவில்லை. அடியில் சீழ் கட்டிக்கொண்டிருக்கும்.

ஊசி போட்டும் வலித்ததே, ஏன்?

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். "ஊசி போட்டாங்க, மரத்தே போகல. உயிரே போயிடுச்சு." இப்படிச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வலித்தது உண்மை. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மரத்துப் போக வைக்கும் மருந்து நரம்புக்குள் போனால்தான் வேலை செய்யும். சீழ் பிடித்த இடத்தில் புளிப்புத் தன்மை அதிகமாகிவிடும். அங்கே மருந்து நரம்புக்குள் சரியாகப் போகாது. அதனால் கன்னம் வீங்கிய பிறகு போகிற ஆளுக்கு ஊசி அரைகுறையாகத்தான் பிடிக்கும். அவர் வலியோடு வீட்டுக்கு வந்து கதை சொல்லுவார். கேட்டவர்கள் பயந்து போய்த் தங்கள் பல்லைக் காட்டாமல் விடுவார்கள். அவர்களும் வீங்கிய பிறகுதான் போவார்கள். அவர்களுக்கும் வலிக்கும். இன்னும் நாலு கதை கிடைக்கும்.

வீக்கம் இல்லாமல் போகிறவருக்கு ஊசி நன்றாகப் பிடிக்கும். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும். சில நிமிஷத்தில் உதடு தடித்துப் போன மாதிரி தோன்றும். அதன் பிறகு அழுத்துவது தெரியும், ஆட்டுவது தெரியும், வலி தெரியாது. இப்படிப் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் ஏராளம். ஆனால் வலிக்காமல் போனதை யாரும் கதையாகச் சொல்வதில்லை!

வீக்கத்தோடு போனாலும் வழி இருக்கிறது. ஊசியை வேறு இடத்தில் போட்டு, தூரத்திலேயே நரம்பைப் பிடிக்கலாம். சீழை வெளியே எடுத்து, மாத்திரை கொடுத்து, பிறகு பல்லைத் தொடலாம். மரக்கவில்லை என்றால் "இன்னும் மரக்கல டாக்டர்" என்று சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது வீரம் ஆகாது.

தாத்தா பாட்டி சொன்ன கதைகளுக்கும் காரணம் உண்டு. ஒரு காலத்தில் மரத்துப் போகும் மருந்தே கிடையாது. நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் இடுக்கியால் இழுப்பார். அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்று ஒரு பல் டாக்டர் இருந்தார். சிரிப்பு வாயு என்கிற வாயுவைச் சுவாசித்தால் வலி தெரியாது என்று அவர் கவனித்தார். 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த வாயுவைச் சுவாசித்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை. அடுத்தவர் வாயில் சோதிக்காமல் தன் வாயிலேயே சோதித்தாரே, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். பிறகு பல மருந்துகள் வந்தன. இன்று நம் ஊர் பல் டாக்டர்கள் அதிகமாகப் போடுவது லிக்னோகெயின் ஊசி. அது 1943-ல் சுவீடன் நாட்டில் தயாரிக்கப்பட்ட மருந்து. அதற்கு முந்திய காலத்துக் கதையை வைத்துக்கொண்டு இன்று பயப்பட வேண்டியதில்லை.

கண் போய்விடுமா?

"மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு தெரியாம போயிடும்." இதை நம்பாத தெருவே இல்லை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை போகாது. வயதானவர்களுக்குத்தான் பல் அதிகமாக விழுகிறது. அதே வயதில்தான் கண்ணில் புரையும் விழுகிறது. இரண்டும் சேர்ந்து வந்ததால் ஒன்றின் மேல் ஒன்று பழி விழுந்துவிட்டது.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பதும் இப்படித்தான். பல்லில் காறை கல் மாதிரி படிந்து, ஈறு இறங்கி, பல் ஏற்கனவே ஆட்டம் கண்டிருக்கும். அந்தக் காறைதான் பல்லைப் பிடித்து வைத்திருக்கும். காறையை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. ஆட்டியது டாக்டர் அல்ல.

கைமருந்து பற்றியும் ஒரு வார்த்தை. கிராம்பு வீண் இல்லை. அதன் எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப் போகச் செய்யும். பல் டாக்டர்களே சில அடைப்பு மருந்துகளில் அதைக் கலக்கிறார்கள். ஆனால் அது சொத்தையை ஆற்றாது. புகையிலையை அடக்கிக்கொள்வதும், தலைவலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் கெடுதல். ஈறு வெந்து புண்ணாகிவிடும். மாத்திரை விழுங்குவதற்குத்தான்.

வாயைத் திறக்க வெட்கம்

சிலருக்கு ஊசி பயம் இல்லை. வாயைத் திறந்து காட்ட வெட்கம். "இப்படி வச்சிருக்கியே" என்று டாக்டர் திட்டுவார் என்ற பயம். வெளியே சொல்ல மாட்டார்கள். இதுவும் பெரிய பயம்தான்.

கோலார் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் காரணம் உண்டு. இங்கே மழை குறைவு. ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள். பல ஊர்களில் அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். குடிதண்ணீரில் அது ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாவிட்டாலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. அதிகமான தண்ணீரைச் சின்ன வயதில் குடித்தால், ஈறுக்குள் பல் உருவாகும்போதே ஓட்டில் மாற்றம் வந்துவிடும். முளைக்கும்போதே பல் வெள்ளைத் திட்டாக, மஞ்சளாக, பழுப்பாக இருக்கும். செங்கல் பொடி, கரி, சாம்பல் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தேய்த்தால் ஓடுதான் தேயும்.

கல்யாணப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்கிற பெண்கள், சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்கிற பையன்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. இது அழுக்கு அல்ல. பல் விளக்காத குற்றமும் அல்ல. குடித்த தண்ணீரின் வேலை. பல் டாக்டருக்குப் பார்த்ததுமே அது தெரியும். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கை தூக்கினால் நிறுத்த வேண்டும்

சுரங்கத்தில் கேஜ் ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும். மேலே இன்ஜின் ஓட்டுகிறவர், யார் அடித்தது, ஏன் அடித்தது என்று கேட்க மாட்டார். முதலில் நிறுத்துவார். அந்த மணி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அத்தனை பேர் அந்த இருட்டில் இறங்கினார்கள்.

பல் நாற்காலியிலும் அப்படி ஒரு மணி வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்ததுமே டாக்டரிடம் சொல்ல வேண்டும்: "எனக்குப் பயமா இருக்கு. கையைத் தூக்கினா கொஞ்சம் நிறுத்துங்க." டாக்டர் பெரும்பாலும் வலது பக்கம் நிற்பார். அதனால் இடது கையைத் தூக்க வேண்டும். அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. கருவி பட்டு வாய் கிழிந்துவிடும். இந்த ஒரு ஏற்பாடு பயத்தை நன்றாகக் குறைக்கும். நிறுத்த முடியும் என்று தெரிந்தால் பலர் கையைத் தூக்குவதே இல்லை.

மிஷின் சத்தம் பலரைக் கலக்கும். அந்த மிஷின் காற்றின் அழுத்தத்தால் சுற்றுகிறது. ஒரு நிமிஷத்துக்கு லட்சக்கணக்கான சுற்று. அந்த வேகம்தான் 'கீய்' என்று சத்தம் போடுகிறது. வலிக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. பழைய காலத்து மிஷின் மெதுவாகச் சுற்றும், மண்டையே அதிரும். இப்போதைய மிஷினில் அவ்வளவு அதிர்ச்சி இல்லை. பல் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சும். சுரங்கத்தில் பாறை துளைத்த மிஷினும் காற்றில் ஓடியதுதான். அங்கேயும் தூசி அடங்கத் தண்ணீர் விட்டார்கள். அந்த மிஷினைத் தோளில் தாங்கியவர்களுக்கு இது கொசு மாதிரி.

ஊசி போட்ட சில நிமிஷத்தில் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். "மாரடைப்பு" என்று பயந்துவிடுவார்கள். மருந்து அந்த இடத்திலேயே நிற்பதற்காக அட்ரினலின் என்ற மருந்தும் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால் வருகிற படபடப்பு சீக்கிரம் அடங்கும். அடங்காவிட்டாலும், நெஞ்சு வலித்தாலும், மூச்சு முட்டினாலும் உடனே சொல்ல வேண்டும். இருதய நோய், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தாலும், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றாலும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் தங்கவயலில் உண்டு. சிலிகோசிஸ் என்ற அந்த நோயைப் பற்றி 1940-களிலேயே இங்கே ஆய்வு நடந்திருக்கிறது. அந்த நோய் உள்ளவர் மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறும். வாயில் தண்ணீரும் சேர்ந்தால் மூழ்குவது போல் இருக்கும். அவருடைய பயம் பல்லைப் பற்றியது அல்ல, மூச்சைப் பற்றியது. "படுக்க முடியாது, மூச்சு வாங்கும்" என்று சொன்னால் நாற்காலியைப் பாதி நிமிர்த்தி வைத்தே வேலை செய்வார்கள். சொல்லாமல் இருந்தால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

வெறும் வயிற்றோடு போகக் கூடாது. பயமும் பசியும் சேர்ந்தால் மயக்கம் வரும். மயக்க மருந்து கொடுத்துச் செய்வதாக இருந்தால் மட்டும் டாக்டர் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுவார். மற்றபடி இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, தினமும் போடும் மாத்திரையும் போட்டுக்கொண்டு போகலாம். காலை நேரம் நல்லது. சாயங்காலம் என்றால் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்போம். நாற்காலியில் மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விட வேண்டும். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்தால் உடம்பின் இறுக்கம் தளரும். முதல் நாள் பல்லைக் காட்ட மட்டும் போகலாம். "இன்னைக்குப் பாத்து மட்டும் சொல்லுங்க" என்று கேட்பதில் தப்பில்லை.

குழந்தைகள் விஷயத்தில் பெரியவர்கள் ஒன்றை விட்டுவிட வேண்டும். "சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடுவேன்" என்ற மிரட்டல்தான் அது. பிறகு நிஜமாகவே ஊசி தேவைப்படும்போது குழந்தை எப்படி உட்காரும்?

எங்கே போவது?

கம்பெனி இருந்த காலத்தில் தொழிலாளர்களுக்குச் சாம்பியன் ரீஃப்பில் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. சுரங்கம் மூடிய பிறகு அந்த வசதியும் போய்விட்டது. இப்போது பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். ஒரு நாள் பல்லைக் காட்டினால் ஒரு நாள் கூலி போச்சு. "பயமா இருக்கு" என்று சொல்கிறவர்களில் சிலருக்கு உண்மையான பயம் செலவுதான். அதையும் டாக்டரிடம் நேராகக் கேட்கலாம். "எவ்வளவு ஆகும்? எத்தனை நாள் வரணும்?" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு பிறகு முடிவு செய்யலாம். சின்னச் சொத்தையை அடைக்கும் செலவு குறைவு. வேர் சிகிச்சையும் பல் கட்டுவதும்தான் கையைக் கடிக்கும்.

ராபர்ட்சன்பேட்டையில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பல் டாக்டர் எந்த நேரத்தில் இருப்பார் என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டும். தங்கவயல் பி.இ.எம்.எல். நகரில் பல் மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. பெங்களூரில் விக்டோரியா ஆஸ்பத்திரி பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி ஆஸ்பத்திரிகளில் வெளியில் ஆவதைவிடப் பொதுவாகச் செலவு குறையும். ஆனால் நேரம் அதிகமாகும்.

"படிக்கிற பசங்க கையில பல்லைக் குடுக்கறதா?" என்று சிலர் தயங்குவார்கள். மாணவர்கள் தனியாகச் செய்வதில்லை. ஆசிரியர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் அடுத்த வேலை. அவர்கள் மெதுவாகச் செய்வார்கள். பயப்படுகிறவர்களுக்கு மெதுவாகச் செய்கிற ஆள்தான் நல்லது. அந்தப் பிள்ளைகள் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள், தமிழ் தெரியாமல் இருக்கலாம். அதற்கும் பயப்பட வேண்டாம். வலியைக் கன்னடத்தில் 'நோவு' என்பார்கள், நம் தமிழ் நோவுதான் அது. தெலுங்கில் 'நொப்பி'.

சில அறிகுறிகள் வந்தால் பயப்படக்கூட நேரம் கிடையாது. தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவினால், வாயைத் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சு விடக் கஷ்டமாக இருந்தால், காய்ச்சலும் சேர்ந்தால், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ராத்திரியாக இருந்தாலும் போக வேண்டும். பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிரையே எடுக்கும். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், புண் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாவிட்டாலும் காட்ட வேண்டும். முக்கியமாகப் புகையிலை, பான் பழக்கம் உள்ளவர்கள் காட்ட வேண்டும். "ஏதாவது சொல்லிடுவாங்களோ" என்று பயந்து மறைக்கிற புண்தான் அது. புற்றுநோயாக இருந்தாலும் ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்கலாம்.

பல்லைப் பிடுங்கிய பிறகு வைக்கிற பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். எச்சிலைத் துப்பக் கூடாது, விழுங்கிவிடலாம். அன்று முழுக்க வாய் கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக எதுவும் குடிக்க வேண்டாம். வெந்தாலும் தெரியாது, கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. ஆறிய கஞ்சியோ மோர்ச் சாதமோ மறு பக்கத்தில் மென்று சாப்பிடலாம். புண் ஆறும்வரை பீடியும் புகையிலையும் கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறைவதற்குப் பதில் அதிகமானால், திரும்பவும் அதே டாக்டரிடம் போக வேண்டும்.